காலண்டர் நீலம்

சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் செல்வக்குமார், தண்ணீரில் கதிர்வீச்சு கலந்துவிட்டதாகவும் அதற்கு நீலம்தான் மருந்து என்றும் வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, மகள் ரோஜாவின் பாலில் நீலச் சாயப்பொடியைக் கலக்கினான். நர்ஸான மனைவி இசைவாணி டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள். அவன் முறைத்துக்கொண்டு வெளியே போய்விட, டூட்டிக்குக் கிளம்பும்முன் எழுதி வைத்தாள்:

"பெரிய டாக்டரே! கதிர்வீச்சுப் பொருளு சிலத முழுங்கிட்டா, அது ஒடம்புல சேராம மலத்தோட வெளியேத்த நீல மாத்திரை இருக்கு. நெசந்தான். ஆனா அது ஆஸ்பத்திரி மருந்து. நீங்க கொண்டாந்தது காலண்டருக்குப் போடுற சாயம். உங்க மூளைக்கு ரெண்டும் ஒண்ணு! சோறு பானையில இருக்கு. ரோஜா எங்கூட வாரா. உங்கள நம்பி விட மாட்டேன்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"மொதல்ல நீங்க குடிச்சுப் பாத்தீகன்னு ரோஜா இப்பத்தான் சொல்லுதா. வயித்த வலிச்சா வெக்கப்படாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. நாந்தான் டூட்டி."