ஒன்றாக ஊற்றிய பத்துக் குடம்

அன்புள்ள அம்மாவுக்கு, ரஞ்சிதா எழுதுவது. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? விடுதியில் எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பாசி பிடித்து நாறிய எங்கள் பள்ளிக் குட்டையைத் தெளியவைக்க, கோகிலா டீச்சர் வெல்லத்தில் நுண்ணுயிரிகளை வளர்த்து ஒரு கரைசல் செய்தார். தினமும் ஒரு குடம் ஊற்றுவது என் வேலை. காய்ச்சலில் பத்து நாள் விட்டுப்போனது. டீச்சர் பயிற்சிக்காக நாமக்கல் போயிருந்ததால், விட்டதையெல்லாம் சேர்த்து நேற்று மாலை நானே பத்துக் குடம் ஊற்றிவிட்டேன். அத்தனை நுண்ணுயிரிகளும் சேர்ந்து தண்ணீரிலிருந்த காற்றைத் தின்றுவிட்டன போல. காலையில் ஏழெட்டு மீன்கள் செத்து மிதந்தன.

வார்டன் சமையல்கார இருசாயி அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்திரங் கழுவுன சோப்புத் தண்ணியக் குட்டையில கொட்டுனியா?"

"இல்லீங்கம்மா, எம்புள்ள மேல சத்தியமுங்க."

"பின்ன மீனு தானாச் செத்துச்சா? நாளையோட நின்னுக்கோ."

பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை. காய்ச்சலில் எனக்குக் கஞ்சி ஊட்டியவர் அந்த அக்காதான்.

விடிந்ததும் வார்டனிடம் சொல்லிவிடுவேன். உங்களுக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். முதல் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே என் ஸ்வெட்டரைக் கொடுத்துவிடுங்கள், இங்கே குளிர் தாங்கவில்லை. ஒருவேளை என்னை வீட்டுக்கே அனுப்பிவிட்டால் ஸ்வெட்டர் வேண்டாம். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் மட்டும் வந்து நில்லுங்கள்.

வார்டன் வருகிற சத்தம் கேட்கிறது.

உங்கள் ரஞ்சிதா