அப்பாவுக்கு, அம்மாவின் மயக்கம் பற்றி

என் குரல் வாசலில் கேட்டதுமே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு "வா தாயி" என்று சொல்லும் என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது உங்களிடம் இனிப் பொருந்தாது. கேட்காமல் தொடங்கினாலோ, பிள்ளை ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். கோபம் கொஞ்சம் இருக்கிறதுதான். யார் மேல் என்றுதான் எனக்கே தெரியவில்லை. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்ததோ.

அடுத்த சேதி அம்மாவைப் பற்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்ச நாளாக அம்மாவுக்கு அடிக்கடி நினைவு தப்பிப்போனது. நின்றுகொண்டிருப்பவள் அப்படியே சரிந்துவிடுவாள். கோடாங்கியிடம் கூட்டிப்போய் உடுக்கை அடித்துக் குறி கேட்க வேண்டும் என்றார் பெரியப்பா. அவள் நடிக்கிறாள் என்றான் தம்பி. நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மயக்கம்தான் என் பிழைப்பு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியன் நான். இந்த வேலை கிடைத்தபோது நீங்கள் டிரைவராக இருந்த பஸ் டிப்போ முழுக்க, "எம் மக ஆளை மயக்குற வேலை பாக்குறா" என்று சொல்லி என் மானத்தை வாங்கினவர் நீங்கள். அதன் பிறகு உங்கள் டிப்போப் பக்கம் நான் எட்டிப்பார்க்கவே இல்லை.

தியேட்டரில் மயக்கம் என்பது ஒழுங்கான விஷயம். மருந்து ஏறும், ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துவிடும். "எங்களுக்கு அலங்காநல்லூர் பக்கம், எங்க மாடு பேரு..." என்று தொடங்கியவர் மாட்டின் பெயரைச் சொல்லாமலே போய்விடுவார். கத்தி பட்டதும் தெரியாது, நேரம் போனதும் தெரியாது. வேலை முடிந்து தட்டி எழுப்பினால், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார். போனவரைத் திரும்பக் கூட்டிவரும் வழி எங்களுக்குத் தெரியும். அதனால் அங்கே எனக்குப் பயம் கிடையாது.

உங்களுக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல. காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கீழே விழுந்தீர்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் உங்கள் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நெஞ்சில் விரல் முட்டியை வைத்து அழுத்தினார். நீங்கள் கண் திறக்கவே இல்லை. மருந்தால் வந்த மயக்கம் என்றால் மருந்து இறங்கியதும் தெளியும். இது எப்போது தெளியும் என்று நான் யாரிடம் கேட்பேன்? கேட்கிற ஜனங்களுக்கு எப்போதும் பதில் சொல்கிற இடத்தில் நின்று பழகியவள் நான்.

உங்கள் இடது கை மட்டும் அவ்வப்போது அசைந்தது. முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும். உசிலம்பட்டி பஸ்ஸையே ஆயுசெல்லாம் ஓட்டியவர், கியர் போடுகிறார் என்றான் தம்பி. யாரையோ கூப்பிடுகிறார் என்றாள் அம்மா. "அது தானா வர்ற அசைவும்மா, அதுல அர்த்தம் தேடாதீங்க" என்றார் டாக்டர். நாம் தேடாமல் இருக்கிற ஆட்களா?

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோச்சடை வீட்டுக்கே கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா என்பதுதான் இன்று அம்மாவைப் போட்டு ஆட்டுகிறது. அதனால் நடந்ததை விடாமல் சொல்கிறேன்.

உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால், உள்ளே ஏதோ ஆசை நிற்கிறது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பொன்னாசை என்றால் தங்கத்தை உரசி ஊற்றுவார்கள், மண்ணாசை என்றால் சொந்தக் காட்டு மண்ணைப் பாலில் கரைத்து ஊற்றுவார்கள். நீங்களே எத்தனையோ வீடுகளில் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மொச்சை போட்டிருந்த உங்கள் காட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கேரி பேக்கில் முடிந்துகொண்டு வந்தார். கண் ரெண்டும் சிவந்துகிடந்தது. "எந் தம்பிக்கு அந்தக் காட்டு மேலதான்த்தா உசுரு நிக்குது. கொடுத்து அனுப்பிருவோம்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அம்புட்டுப் பாசம் இல்லாதவர் அந்த வெயிலில் அம்புட்டுத் தூரம் போக மாட்டார்.

அந்த நேரம் பார்த்து நான் தெருமுனையில் நின்று, ஆக்சிஜன் கொண்டுவந்த வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். நினைவில்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது என் வேலையில் முதல் பாடம்.

கட்டியவள்தான் முதலில் ஊற்ற வேண்டும் என்று அம்மா கையில் ஸ்பூனைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஊற்றினாள். உங்கள் தொண்டை கடகடவென்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. "வாங்கிக்கிட்டுப் போயிட்டான், எந் தம்பி திருப்தியாப் போயிட்டான்" என்று பெரியப்பா கதறினார். எல்லாரும் அழுதோம். அம்மா அழவில்லை. அந்த ஸ்பூனைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். என்ன தைரியம் பார் என்று ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

முதல் மயக்கம் உங்கள் பேத்தி பிறந்த அன்று வந்தது. பிள்ளைக்கு யார் சேனை வைப்பது என்று பேச்சு. முதன்முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால் தம்பி மனைவி ஒவ்வொருவராக யோசித்துக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில், "அத்தையே வைக்கட்டும், அவங்கதான் பொறுமைசாலி" என்றாள். என்னை முதலிலேயே கழித்துவிட்டாள், அது நியாயம்தான். அம்மா சிரித்துக்கொண்டே ஸ்பூனை வாங்கினாள். பிள்ளை உதட்டருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், அப்படியே சரிந்தாள். வலிப்பு என்று நினைத்து யாரோ பீரோ சாவியை அவள் கையில் திணித்தார்கள்.

அதன் பிறகு பிள்ளைக்குச் சளி மருந்து கொடுக்கப் போனபோது விழுந்தாள். இன்னொரு தடவை வெறும் வசம்புத் தண்ணீருக்கே விழுந்தாள். தம்பி மனைவி முகம் கறுத்துவிட்டது. "மதினி, எம் பிள்ளை பக்கத்துல வந்தாத்தான் அத்தைக்கு இப்படி ஆகுது. பொம்பளப் பிள்ளையாப் போச்சேன்டு இருக்காங்களோ என்னமோ" என்று என்னிடம் அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆனது. தொட்டில் சேலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேன், ஈ.சி.ஜி., சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தடவை விழுந்தவள் ஆஸ்பத்திரிக்கு வந்தும் கண் திறக்கவில்லை. டியூட்டி டாக்டர் அவள் கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப்பிடித்துச் சட்டென்று விட்டார். நிஜமாகவே நினைவில்லை என்றால் கை முகத்தின் மேலேயே விழும். அம்மாவின் கை ஒதுங்கிப் பக்கத்தில் விழுந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

"பாத்தியாக்கா? மூஞ்சியில படாம கையத் தள்ளத் தெரியுதுல்ல? இது நடிக்குதுக்கா. எம் பொண்டாட்டிய வீட்ட விட்டு விரட்டத்தான் இம்புட்டும்" என்றான். அந்தச் சோதனை எனக்கும் தெரியும். படித்த படிப்பு அவன் பக்கம் நின்றது, வயிறு அம்மா பக்கம் நின்றது. அம்மாவின் சேலையைச் சரிசெய்துவிட்டேன்.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். பைத்தியக்காரி என்று முடிவு கட்டிவிட்டாயா என்று பெரியப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்த டாக்டர் அம்மா வயதை ஒட்டிய ஒரு பெண். தம்பியையும் கூட உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். "நடிக்கிறவங்களுக்கு, நாம நடிக்கிறோம்னு தெரியும் தம்பி. இவங்களுக்குத் தெரியாது. மூளையே வேலை செய்யாமப் போற மயக்கம் ஒண்ணு இருக்கு. மூளை நல்லாத்தான் இருக்கும், தாங்க முடியாத ஒண்ணு கிட்ட வந்ததும் மனசு தன்னை மூடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டும் நிசம்தான்." நாம் மறந்துவிட்டோம் என்று நினைப்பது மனதுக்கு அடியில் கிடந்து வேலை பார்க்குமாம். நனவிலி மனம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் லீவு நாளில் கறி வாங்க ஸ்கூட்டரில் கிளம்பி, நேரே டிப்போ வாசலில் போய் நின்றுவிட்டுத் திருதிருவென்று முழித்தீர்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. ஓட்டியது நீங்கள்தான். ஆனால் நீங்களா ஓட்டினீர்கள்?

டாக்டர் அம்மாவிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "விழுகும்போதெல்லாம் கையில என்ன வச்சிருந்தீங்கம்மா?" என்றார்.

"ஸ்பூனு."

"பேத்திக்கு முன்னாடி கடைசியா யாருக்கு ஸ்பூன்ல கொடுத்தீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "இவுக அப்பாவுக்கு" என்றாள். நீங்கள் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. டாக்டர் ஃபேன் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

"நான் ஊத்துன மண்ணுதாண்டி அவருக்கு அடைச்சிருச்சு. நான்தான் கொன்னுட்டேன்" என்றாள் அம்மா. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாள்? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று காலையிலிருந்தே உங்கள் மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது, எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்ற நிலைமைதான், யார் எதை ஊற்றாவிட்டாலும் போயிருப்பீர்கள் என்றேன். ஊற்றியிருக்கக் கூடாது என்பதையும் மறைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாதது, பெரியப்பாவுக்கும் தெரியாதது. தம்பி தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அத்தனை பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுதான்.

பெரியப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மறுநாள் வந்து அம்மா முன்னால் நின்றார். "மண்ணக் கொண்டாந்தது நானு. ஊத்தச் சொன்னதும் நானு. பாவமுன்டு ஒண்ணு இருந்தா அது எனக்கு வரட்டும்த்தா, உனக்கு வேணாம்" என்றார். கோடாங்கிப் பேச்சு அன்றோடு நின்றது. தம்பி தன் மாமியார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கூட்டிவந்துவிட்டான். அவள் வந்ததும் வராததுமாகப் பிள்ளையை அம்மா மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். இப்போது மயக்கம் வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பெரியப்பா வாரம் தவறாமல் வந்து அம்மாவோடு உட்கார்ந்து உங்களைத் திட்டிவிட்டுப் போகிறார். அவளும் சேர்ந்து திட்டுகிறாள்.

அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் ஓரம் அம்மா. "அவருக்கு அப்ப வலிச்சிருக்குமாடி?" என்று கேட்டாள். வலித்திருக்காதும்மா, அப்பா அம்புட்டு ஆழத்தில் இருந்தார், எதுவுமே தெரிந்திருக்காது என்று அவசரமாகச் சொன்னேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் சொன்னதும் கேட்டிருக்காதா?"

நீங்கள் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வாளே, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று. அதை உங்கள் காதில் சொல்லிவிட்டுத்தான் ஊற்றினாளாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

"தெரிஞ்சிருந்தா வலிச்சிருக்கும். தெரியலைன்டா நான் சொன்னது கேட்டிருக்காது. எதைடி நான் சாமிகிட்ட வேண்டிக்கிறது?" என்றாள்.

அப்பா, எத்தனையோ பேரை மயக்கத்துக்குள் அனுப்பிவைத்திருக்கிறேன். உள்ளே என்ன கேட்கும், யார் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி, வண்டி கடைசியில் நிற்கிற இடம் வரைக்கும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கிருந்து இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அவளைத் தேற்றுவதற்காகக் கேட்டிருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டிருக்காது என்றும் இனி வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டேன். அவள் இதைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவேன். உங்களுக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் எப்படியாவது சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் மூத்த மகள்