அறுத்தெடுத்த முன் சட்டம்

ஐப்பசி, செவ்வாய். மழை விட்டிருக்கிறது.

இவர் தன் பழைய டர்போ காருக்கு இன்று இன்டர்கூலர் மாட்டி முடித்தார். டர்போ தள்ளும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிரவைக்கிற அலுமினியப் பெட்டி அது. "ஏலக்கா ஸ்டோர்ல காய் உலர்த்த நாள் பூரா சூடு ஏத்துறேன், இங்கயாச்சும் எறக்குறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெட்டி முன்னால் அடங்கவில்லை. பம்பருக்குள் குறுக்கே இருந்த இரும்புச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டார். பம்பரைத் திரும்ப மாட்டியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"அது எதுக்குங்க இருந்துச்சு?"

"எதுலயாச்சும் மோதுனா தாங்குறதுக்கு. நாம எங்க மோதப் போறோம்?"

"வாயைக் கழுவுங்க. வேற சட்டம் வச்சுப் பத்தவைங்க."

"வைப்போம்டி. மொதல்ல மேடு ஏறுதான்னு பாப்போம்."

நாளைக் காலை போடிமெட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கிறாராம். மகளும் கூடப் போகிறாள். தோட்டத்து ஜீப்புகள் ஆளை அடைத்துக்கொண்டு வளைவுகளில் முந்திப் பறக்கிற நேரம் அது.

அவளைப் பின்னால் உட்காரச் சொன்னேன். "பின்னாடி உக்காந்தா வளைவுல எனக்கு வாந்தி வரும்னு தெரியாதாம்மா?" என்றாள். தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு முன் இருக்கைதான்.

நானும் போகிறேன். வாந்தி எடுத்தால் எடுக்கட்டும், முன்னால் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஓட்டுகிறவரை எங்கே உட்காரவைப்பது?