இடது மூலையில் ஆள் இல்லை

காலையில் கோடவுனில் ஒரு மூட்டை கிழிந்து, பீங்கான் மண் பொடி தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டிவிட்டது. லோடு ஏற்றும் ஆள் அதன் மேல் நடந்து போனார். அந்தத் தடத்தைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு உன்னோடு பேச உட்கார்ந்துவிட்டேன். நம் கபடிக் களத்துக்கு இந்தப் பொடியில்தான் கோடு போடுவோம். ஆட்டம் முடிந்தால் இடது மூலையில் உன் கால்விரல் தடம் மட்டும் இருக்கும். "பூனை மாதிரி நிக்கிறியே, கால் வலிக்காதா?" என்று கேட்டால், "குதிகால ஊனினவன் கத முடிஞ்சிதுடா" என்பாய்.

அகில இந்திய நாக் அவுட் போட்டிக்குப் பேர் கொடுத்த வாரத்தில்தான், பெண்ணாடம் சாலையில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் உன் பைக் மோதியது. சுற்றுக்கு ஓர் ஊர், ஒருமுறை தோற்றால் வீடு; அப்படிப்பட்ட போட்டி. "வருஷத் திதி வர வரைக்கும் அவன் எடத்துல எவனும் நிக்கக் கூடாது" என்று நம் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். கேப்டன் நான். ஏழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பேராக இறங்கினோம். முதல் சுற்றோடு திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

முதல் சுற்று ஸ்ரீமுஷ்ணத்தில். கபடி பாடி வந்தவன் காலி மூலையைக் கண்டதும் நேரே அங்கே போனான். போனவன் மடங்கி விழுந்தான். நாங்கள் மேலே பாய்ந்து அமுக்கினோம். நான் வியாபாரி, எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பேன். காலி இடம் ஆளை உள்ளே இழுக்கும், ஆழமாக வந்தவனால் திரும்ப முடியாது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் அவன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"அண்ணே, கால புடிச்சவரு எங்க? நல்ல புடி. கை குடுக்கணும்."

அவன் காலை எங்களில் யாரும் பிடிக்கவில்லை. அவன் கணுக்காலில், ஈரக்கையால் பிடித்தது போல, வெள்ளைப் பொடி விரல் விரலாக ஒட்டியிருந்தது.

அடுத்த சுற்றுகளிலும் அதே கதை. வடக்கேயிருந்து வந்த பெரிய டீமும் அந்த மூலையில்தான் சரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோர சீட் ஒன்றை யாரும் தொடுவதில்லை. டீ சொன்னால் ஒன்று கூடுதலாக வந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெயித்து வாங்கும் கோப்பை எனக்கும் வேண்டியிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் உன் மனைவி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் சாயங்காலம் வூட்டுக்குப் பின்னாடி அவரு கால் கழுவுற சத்தம் கேக்குது. தண்ணி மொள்றாரு, ஊத்துறாரு. உள்ள மட்டும் வர மாட்டேங்கறாரு."

"மனசு அப்பிடித்தாம்மா இருக்கும்."

"பாப்பா கதவத் தொறக்கப் போவுதுண்ணா. கையப் புடிச்சி நிறுத்துறேன். எத்தினி நாளைக்கு நிறுத்துவேன்? அந்த எடத்துல யாரையாவது நிக்க வையுங்க. அவரப் போவ வுடுங்க."

கம்மாபுரத்தில் இறுதி ஆட்டம். என் இடத்தில் மாற்று ஆளை நிறுத்திவிட்டு மூலைக்கு நானே போனேன்.

"ஓடுற கடைய நீங்களே பூட்டுறீங்களேண்ணே" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நம்ம கட இல்லடா அது" என்றேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசியாகப் பாடி வந்தவன் பக்கத்தில் நின்றவனைத் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். அவன் காலுக்குப் பாய்ந்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் ஏற்கனவே ஒரு கை இருந்தது. கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்று. எப்போதோ முறிந்து புடைத்த சுண்டுவிரல் முட்டி. அந்த விரலைத் தெரியாதவனா நான்?

நம் பக்கம் யாரையும் 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை, 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம். மண்ணில் முகம் புதையக் கிடந்தபடியே, "போடா" என்றேன். 'வா' சேர்க்கவில்லை.

கை கழன்றது. அந்தக் கால் என் பிடியிலிருந்தும் உருவிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. இரண்டு புள்ளி போய்விட்டது. தோற்றோம்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். பாப்பா அங்கே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. வெளியே தண்ணீர்ச் சத்தம் எதுவும் இல்லை. இருட்டும் வரை இருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

லாரி கிளம்பும்போதெல்லாம் டிரைவரிடம் "போயிட்டு வாங்க" என்கிறேன். அந்த 'வாங்க' வாயில் வரும்போது உள்ளங்கை சில்லிடுகிறது. வேட்டியில் எவ்வளவு தேய்த்தாலும் சூடு ஏறுவதில்லை.