அழகம்மாள் வீட்டுப் புகை

9-2-1960, கொடைக்கானல்

பூண்டியில் முதல் புகையில்லா அடுப்பு! வட்டார வளர்ச்சி ஆபீஸில் பெண்கள் பணிக்கு முக்கிய சேவிகாவாக வந்த மூன்று மாதத்தில் இதுதான் பெரிய நாள். அழகம்மாள் கண் சிவந்து அடுப்பூதுவதைப் பார்த்தால் எனக்கே எரிகிறது. இன்று அவள் வீட்டில் குழாய் வழியே புகையெல்லாம் கூரைக்கு வெளியே போனது. கைதட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வெட்கம் போலும்.

23-2-1960

உடைத்துவிட்டாள்! குழாயை உலக்கையால்!

“விடுங்கம்மா, இவங்களுக்கு நல்லது ஏறாது” என்றார் கிராம சேவகர் செல்லப்பாண்டி. நானே போனேன்.

“கண்ணு போயிடுமே, அழகம்மா?”

“கண்ணு கெடக்குதுங்க. மேல பாருங்க.”

பரண் நிறைய வெள்ளைப்பூண்டுக் கொத்துகள்.

“வெதைப்பூண்டுங்க. புகை பட்டாத்தான் கெடாம நிக்கும். ரெண்டு கொத்து பூசணம் புடிச்சுக் கெடக்கு. எல்லாம் போச்சுன்னா சித்திரையில எதை ஊனுறது? உங்க அடுப்பையா?”

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எத்தனை தடவை அந்த வீட்டுக்குள் போயிருப்பேன்? ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்தேனா?

24-2-1960

அவளுக்காக என் கண் எரிந்தது நிஜம். அதோடு நின்றுவிட்டேன். அவள் எதை நினைத்துப் பயப்படுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லையே. கல்லூரியில் மனத்தத்துவம் வேறு படித்தேன்!

3-3-1960

வெள்ளனே பஸ் பிடித்துப் பூண்டி போனேன். நோட்டு, படிவம் ஒன்றும் எடுக்கவில்லை. புகைக்குள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: “நீங்களே சொல்லுங்க, எப்படி இருந்தா தோதுப்படும்?”

யோசிக்கவே இல்லை அவள். “புகை என் மூஞ்சிக்கு வராம பரணுக்குப் போனாச் சரி. குழாயை எதுக்கு வெளிய விடுறீங்க? பரணோட நிறுத்துங்க.”

“தீப்பொறி பறந்தா?”

“குழாய் வாய்க்குக் கொஞ்சம் மேல ஒரு ஓட்டுத்துண்டைக் கவுத்துனா ஆச்சு.”

அடடா! இவ்வளவுதானா! அவளைக் கட்டிக்கொண்டேன். “அய்யய்ய, சேலையெல்லாம் கரிங்கம்மா!” என்று தள்ளிவிட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை எங்களுக்கு.

11-3-1960

அவள் சொன்னபடியே குழாயைப் பரணோடு நிறுத்தியாயிற்று. ஆபீஸில் கேட்கிறார்கள், வரைபடத்தில் இல்லாத குழாய் ஏன் என்று. புது வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

21-4-1960

மிச்சக் கொத்து ஒன்றுகூடக் கெடவில்லை! அழகம்மாள் ஊன்றி முடித்துவிட்டாள். நானும் ஒரு பாத்தி ஊன்றினேன், இடுப்பு நிமிரவில்லை.

மத்தியானம் சிவபாக்கியம் வந்தாள், தன் வீட்டுக்கும் அடுப்பு வேண்டுமென்று. என்னிடம் கேட்கவில்லை, அழகம்மாளிடம் கேட்டாள். “வா, முதல்ல உன் பரணைப் பாக்கணும்” என்று அவள் முன்னால் நடந்தாள். நான் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.