பதினான்காம் தேதியும் உட்பட

குன்றக்குடி முருகன் துணை

காரைக்குடி,
29-8-67

அன்புத் தம்பி பூமிநாதனுக்கு அக்கா அக்கம்மாள் எழுதுவது. கல்யாணப் பெண் மீனாளும் நானும் சுகம். நீ மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு உன் மானேஜரைப் போய்ப் பார். பன்னிரண்டும் பதின்மூன்றும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், புதன் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதை அடுத்த வீட்டுச் சேவுகனிடம் காட்டினேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, உடனே பிடித்துவிட்டான். "என்னக்கா, புதன் ராத்திரி போயி விடியக்காலையிலதானே தாலி கட்டுறாக? ஆபீஸ் கணக்குல அது வியாழனாச்சே. அதுக்குள்ள உங்க தம்பி ரயிலேறிப் போயிருப்பாகளே" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஜோசியர் "புதன் இரவு விடிய நாலரை" என்று குறித்ததை நான் "புதன் விடிய நாலரை" என்று எழுதிவிட்டேன். பொழுது விடியும்வரை நமக்குப் புதன்தானே! நடுராத்திரியிலேயே தேதி மாறிவிடும் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பெரிய மனுஷா.

சேவுகனே இங்கிலீஷில் புது லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தான். இதோடு வைத்திருக்கிறேன். 'மூன்று நாள்' என்று மட்டும் எழுதினால் எந்த மூன்று என்பார்களாம். 'பதினான்கு வரை' என்றால் பதினான்கு சேர்த்தியா என்று இழுப்பார்களாம். அதனால் 'பன்னிரண்டு முதல் பதினான்கு வரை, பதினான்காம் தேதியும் உட்பட, பதினைந்து காலை வேலைக்கு வருவேன்' என்று எழுதியிருக்கிறான். நீ ஒன்றையும் மாற்றாதே, கையெழுத்தை மட்டும் போடு.

ஒருமுறை கொடுத்த தேதியை மாற்றினால் மானேஜர் லீவையே ரத்துச் செய்வார் என்று முன்பு சொன்னாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் அன்னக்கிளி நேற்றுகூட, "தாய்மாமன் வந்திருவாகள்ல? கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டியார ஆள் வேணும்ல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வராமல் இருப்பாகளா என்று சிரித்து வைத்தேன். லீவு கிடைத்ததும் ஒரு தந்தி கொடு.

உன் அத்தான் போய் மூன்று வருஷமாகிறது. கல்யாணத்தன்று நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன், அங்கே மேளச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மீனாளை நீ நடத்திக்கொண்டு போ. தாலி ஏறியதும் அடுப்படிக்கு வந்து, பிள்ளை எப்படி இருந்தாள் என்று எனக்குச் சொல்லிவிட்டு அப்புறம் ரயிலேறு.

நீ நல்லா இருக்கணும் அப்பா.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
அக்கம்மாள்