மூணு குட்டை, ஒரு நெட்டை

மார்ச் 4

வருஷத்தின் எண்ணைப் பாப்பா சொன்னாள், மனசில் தங்கவில்லை. பெரிய பாலத்தில் லாரி போகக்கூடாது என்று கம்பி நட்ட வருஷம், தபாலாபீஸை மூடின வருஷம், என் கடைசிக் கடைவாய்ப்பல் போன வருஷம். எனக்கு அது போதும்.

எழுத்து தெரியாது. காலண்டரில் எண் மட்டும் தெரியும். நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறதோ, அதற்கே வெளிச்சம். "நீங்க பேசுற குரலும் எழுத்தும் என் கம்ப்யூட்டர்லயும் வந்து உக்காந்துக்கும்ப்பா, தொலையாது" என்றாள் பாப்பா. பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

பாப்பா என்றால் என் மகள். நாற்பத்து மூன்று வயது. பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாள். இப்போது முதல் ஆல்பம் போடுகிறாள். கூட டிரம் அடிப்பவர் பல் டாக்டர். என் பல்லைப் பிடுங்கியவரும் அவர்தான். கைப்பலம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"ராப், ராக், கன்ட்ரி மூணும் கலந்ததுப்பா."

"தனித்தனியா ஒண்ணும் வரலையா?"

"என் பஸ்ல மட்டும் ஒரே மாதிரி ஆளுங்களா ஏறுறாங்க?"

ராப் என்பது சண்டைக்காரி மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவது. ராக் என்பது கல் உடைக்கிற கிரஷர். கன்ட்ரி என்பது வேலை முடிந்து தனியாக வீட்டுக்கு நடக்கிறவன் முனகல். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

மார்ச் 7

முகம் மழிக்கும்போது விசிலடித்தேனாம். "அது என்னப்பா, மூணு குட்டை, ஒரு நெட்டை, தினம் அதே?" என்று கேட்டாள். பழக்கம் என்றேன்.

பழக்கம் இல்லை. போனிடம் சொல்கிறேன். போனிடம் சொன்னால் சொன்னதாகாது.

கல்குவாரி. ஐம்பத்தொரு வருஷம் முன்னால். எங்கள் ஷிப்டில் ஆறு பேர். வெடி வைக்கும் முன் விசில் ஊதி எச்சரிக்கிறவனுக்குப் பேரே விசில் என்று ஆகிவிட்டது. கம்பெனி கொடுத்த விசில் உடைந்து, புதிது கேட்டுக் கேட்டு அலுத்து, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவான். மூணு குட்டை, ஒரு நெட்டை. அந்த நேரத்தில் கிரஷரை நிறுத்திவிட வேண்டும். கிரஷர் என் கையில். அன்றைக்கு சூப்பர்வைசர் "நிறுத்தாதே, லோடு பாக்கி இருக்கு" என்றார். நான் நிறுத்தவில்லை.

விசில் விரலை வாயில் வைத்ததைப் பார்த்தேன். கன்னம் உப்பினதைப் பார்த்தேன். கல் ஏற்றுகிறவன், மொட்டை என்று கூப்பிடுவோம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் காதில் விழவில்லை. விழவிடாமல் அடித்தது நான் ஓட்டின சத்தம்.

வெடித்த கல் அவன் மேலேயே விழுந்தது. மறுநாள் விசாரணை. ஒரு தாளை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தேன். சாயங்காலம் சூப்பர்வைசரே வாசித்துக் காட்டினார்: கிரஷர் நின்றிருந்தது, விசில் ஊதவில்லை, காவலில் நின்ற அவன் தூங்கிவிட்டான். "உன் விரல் இதுல இருக்கு. வாயைத் திறந்தா உன் தலைதான் உருளும்."

திறக்கவில்லை. விசிலுக்கு வேலை போனது. குவாரி கேட்டில் நின்று ஒரு தடவை என்னைப் பார்த்தான். அப்புறம் ஊரைவிட்டே போய்விட்டான்.

மார்ச் 10

பாப்பா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. டிப்போவில் ஏதாவது தகராறாக இருக்கும்.

மார்ச் 19

ஆல்பம் போடுகிற கம்பெனிக்கு வேண்டுமென்று ஒரு தாள் கொண்டுவந்தாள். என் குரலும் விசிலும் ஒரு பாட்டில் வருகிறதாம். "வாசிச்சுக் காட்டட்டுமாப்பா?" என்றாள். "நீ எழுதினதுல நான் என்ன குத்தம் கண்டுபிடிக்கப் போறேன், மையைக் கொண்டா" என்றேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. வைத்துவிட்டேன். பாட்டில் அப்பன் விசில் வந்தால் நல்லதுதானே.

ஜூன் 14

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

அவளுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டதும் ஆல்பம் முழுக்கப் போட்டாள். முதல் பாட்டு பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி, சிரித்தேன். ஒன்பதாவது பாட்டு — முதலில் என் விசில். மூணு குட்டை, ஒரு நெட்டை. அடியில் கிடார், யாரோ தனியாக நடக்கிற மாதிரி. அப்புறம் டிரம் — கிரஷர் — அச்சு அசலாக அதே சத்தம், பல் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதற்கு நடுவில் ஒரு கிழவன் பேசுகிறான். "நான் நிறுத்தவில்லை." யாருடா இவன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. என் குரல் என்று தெரிய இரண்டு மூச்சு ஆனது.

"கன்னம் உப்பினதைப் பார்த்தேன்." எல்லாம். ஒன்று விடாமல்.

பாட்டு முடிந்த பிறகும் நான் நாற்காலியின் கையை விடவில்லை.

ஜூன் 15

அவள் தட்டை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"உனக்குப் பாட்டு வேணும்னா என் மானம்தான் கிடைச்சுதா?"

"போன்ல சொன்னதைக் கேட்டதுலேருந்து எனக்கும் தூக்கம் இல்லப்பா. தினம் கண்ணாடி முன்னாடி நின்னு அந்த மனுஷனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. அதான்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"தாள்ல எழுதியிருந்தேன். நேராச் சொல்ல பயம்."

"அந்த சூப்பர்வைசரும் இப்படித்தான்டீ தாளை நீட்டினான்."

சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அடுப்படியில் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். பஸ்ஸில் எத்தனையோ குடிகாரர்களை இறக்கிவிட்டவள், தோள் குலுங்குகிறது.

பாட்டு வெளியாக இன்னும் இரண்டு நாள். நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவாளாம். ஆல்பம் எட்டுப் பாட்டோடு போகட்டும் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் சொல்லவில்லை?

ஜூன் 16

விடிந்ததும் மழித்தேன். வாயைக் குவித்தேன். காற்று வரவில்லை.

"பாப்பா, அந்தத் தாளை எடுத்துட்டு வா. வாசி."

வாசித்தாள். என் குரல், என் வார்த்தை, வெட்டாமல் சேர்ப்பதற்குச் சம்மதம் என்று இருந்தது. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, விரல் வைக்கும் முன் வாசித்துக் கேட்ட தாள்.

"பழைய கைநாட்டைக் கிழிச்சுப் போடு. புதுசு எடு."

"வேணாம்ப்பா, யோசிச்சு..."

"மையைக் கொண்டாடீ."

ஜூன் 17

வெளியாகிவிட்டது. தெருவில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் பயமாக இருக்கிறது.

ஜூலை 9

சாயங்காலம் பாப்பா டூட்டி முடிந்து யூனிபார்மோடு வந்தாள். பின்னால் கைத்தடியோடு ஒரு ஆள். "கடைசி ஸ்டாப்ல இவர் இறங்கவே இல்லப்பா. பதினேழாம் நம்பர் ஓட்டுற பொண்ணு நீதானேன்னு கேட்டார்."

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். மருமகன் லாரியில் பாட்டைப் போட்டிருந்தானாம். "என் விசில் எப்படிடா வண்டிக்குள்ள வந்துச்சுன்னு கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தேன்" என்றான். அப்புறம், "என் பொண்ணு கல்யாணப் பந்தியில கூட ஒருத்தன் கேட்டான், காவல்ல தூங்கினவர் நீங்கதானேன்னு. நீ கிரஷரை நிறுத்தலைன்னு சொல்ல உனக்கு அம்பத்தோரு வருஷமா?"

என் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

என்னைப் பார்த்தான். கேட்டில் பார்த்த அதே பார்வை. பிறகு, "நீ ஊதுறது தப்பு. நெட்டையை இன்னும் இழுக்கணும்" என்றான். இரண்டு விரலை வாயில் வைத்தான். பல் ஒன்றுகூட இல்லை, வெறும் காற்று. கன்னம் மட்டும் உப்பியது. பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செருப்பைக் கழற்றினான். தண்ணீர் கேட்டான்.

அந்த ஷிப்டில் ஆறு பேர். மொட்டை அன்றைக்கே போனான். வெடி வைத்த அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் மாரடைப்பில் போனான், தம்பி தூசி தின்று நுரையீரல் கெட்டுப் போனான். சூப்பர்வைசர் போய் இரண்டு மழை ஆயிற்று. நான், கைநாட்டு வைத்த அன்றைக்கே பாதி போனவன், என்னைக் கணக்கில் வைக்கவில்லை. முழுசாக உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான்: விசில்.